ஆலை ஊர்களில் பிறந்த இரைச்சல்

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்துக்குக் கிழக்குக் கோடியில் உஜுங் பெருங் என்றொரு பகுதி. ஒரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்த இடம். பிறகு நெசவாலைகளும் ஆயத்த ஆடைக் கம்பெனிகளும் வந்து இறங்கின. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாலை முழுக்க மோட்டார் பைக்குகள். ஆலைச் சுவரை ஒட்டிச் சோற்றுக் கடைகள். சந்துக்குள் நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகள். திருப்பூர்க்காரர் யாரைக் கொண்டுபோய் விட்டாலும் சீக்கிரம் வழி பிடிபட்டுவிடும். 1990-களின் தொடக்கத்தில் இந்தச் சந்துகளில் சில பையன்கள் கிட்டார் எடுத்தார்கள். இன்று ஆசியாவின் பெரிய டெத் மெட்டல் இசைக் கூட்டங்களில் ஒன்று அவர்களுடையது.

நான் திருப்பூரில் பனியன் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவள். டிசைனைக் கலர் கலராகப் பிரித்து ஸ்கிரீன் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஆர்டர் குறையும் மாதங்களில் திருச்சிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து கோலாலம்பூருக்கு மலிவு விமானம் பிடித்துவிடுவேன். தென்கிழக்கு ஆசியாவின் மெட்டல், பங்க் கச்சேரிகளைக் கப்பலிலும் மூன்றாந்தர ரயிலிலும் தேடிப்போவது என் பழக்கமாகிவிட்டது. இந்த இசையை வெள்ளைக்காரர்களின் இசை என்றும், வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றும் நம் ஊரில் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை இது ஆலை ஊர்களின் இசை. கூலி வேலை பார்ப்பவர்கள் சொந்தக் காசைப் போட்டு, சொந்தக் கையால் நடத்துகிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விரல் நுனி போன கிட்டார்க்காரர்

மெட்டல் பிறந்ததே ஒரு தொழில் நகரத்தில்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். 1965-இல் டோனி ஐயோமி என்ற 17 வயதுப் பையன் அங்கே தகர ஆலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளில், இயந்திரத்தில் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், கிட்டாரில் கம்பியை அழுத்த வேண்டிய கை அதுதான். அவர் விடவில்லை. சோப்புத் திரவ பாட்டிலின் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய கம்பிகளைப் போட்டார். பின்னாளில் வலி குறைய அவற்றின் முறுக்கையும் தளர்த்தினார். கம்பி தளர்ந்ததும் சுருதி இறங்கியது, ஒலி கனத்தது. 1970-இல் அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது, ஹெவி மெட்டல் என்ற புது இசைக்கு அதுவே தொடக்கம் ஆயிற்று. கட்டிங் மெஷினில் விரல் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டெத் மெட்டல் அதிலிருந்து 1980-களில் கிளைத்தது. கிட்டாரின் சுருதி இன்னும் கீழே. டிரம்ஸ்காரர் இரண்டு கால்களாலும் மாறி மாறி அடிப்பதால் தாளம் இயந்திர வேகத்தில் ஓடும். பாடகர் உறுமுவார். கேட்பவர்களுக்குத் தொண்டை கிழிவது போல இருக்கும். ஆனால் முறையாகப் பழகியவர்கள், குரல் நாண்களுக்கு மேலே உள்ள மடிப்புகளை அதிரவைத்துத்தான் அந்த ஒலியை எழுப்புகிறார்கள். வயிற்றிலிருந்து மூச்சைத் தாங்கிக் கொடுக்க வேண்டும். பல வருடச் சாதகம் தேவை.

பங்க் வேறு வழி. 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்தது. மூன்று கார்டு தெரிந்தால் பாட்டுப் போடலாம், நன்றாக வாசிக்கத் தெரியும்வரை காத்திருக்காதே என்பது அதன் கொள்கை. மெட்டல்காரர் விரலைப் பழக்குகிறார், பங்க்காரர் வாயைத் திறக்கிறார். ஆசியாவில் இரண்டு கூட்டமும் பெரும்பாலும் ஒரே ஒத்திகை அறையை, ஒரே ஒலிபெருக்கியைப் பகிர்ந்துகொள்கின்றன. இசைக் கம்பெனியும் விளம்பரதாரரும் வானொலியும் இல்லாமல் இப்படித் தாங்களே நடத்திக்கொள்வதைத்தான் அண்டர்கிரவுண்ட் என்கிறார்கள்.

திருச்சியிலிருந்து தஞ்சோங் பிரியோக் வரை

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குப் போகலாம். கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் ஜொகூர் பாரு. அங்கே ஸ்டுலாங் லாவுட் படகுத் துறையிலிருந்து கடலைத் தாண்டினால் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு. சிங்கப்பூர் விசா எடுக்காமலே போக இந்த வழி உதவும். இந்தோனேசிய விசாவைத் துறையிலேயே 5,00,000 ரூபியா கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் விசா இருப்பவர்கள் அந்த நகரத்தையும் பார்த்துவிட்டுப் படகேறலாம். 1992-இல் அங்கே தொடங்கிய ருத்ரா என்ற மெட்டல் குழுவை, கதிர், சிவா என்ற பெயர்களைப் பார்த்துத்தான் நான் முதலில் கேட்க ஆரம்பித்தேன். வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருதச் சுலோகங்களையும் டெத் மெட்டலோடு இணைத்தவர்கள். ‘வேத மெட்டல்’ என்று தனிப் பெயரே அந்தப் பாணிக்கு உண்டு. 2005-இல் வந்த ‘பிரம்மவித்யா’ ஆல்பம் உலகம் முழுக்க மெட்டல் ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்தது.

பாத்தாமிலிருந்து ஜாகர்த்தாவுக்கு அரசின் பெல்னி நிறுவனக் கப்பல் ‘கெலூட்’ போகிறது. எகானமி வகுப்பில் வரிசை வரிசையாகப் படுக்கைப் பலகை, மேலே மெத்தை. டிக்கெட்டிலேயே சோறும் அடக்கம். ஓர் இரவைத் தாண்டி மறுநாளும் கடலில் இருக்க வேண்டும். ஊர் திரும்பும் கட்டட வேலைக்காரர்கள், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பாட்டிமார், மூட்டையோடு வியாபாரிகள் எல்லாரும் ஒரே கூடத்தில் படுத்திருப்பார்கள். நான் போட்டிருந்த கறுப்புச் சட்டையைப் பார்த்துவிட்டு ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். அச்சான குழுப் பெயரைச் சொல்லிக் கட்டைவிரலை உயர்த்தினான். என் இந்தோனேசிய மொழியும் அவனுடைய ஆங்கிலமும் முடிந்த இடத்திலிருந்து, கைபேசியில் மாறி மாறிப் பாட்டுப் போட்டுக்கொண்டே தஞ்சோங் பிரியோக் துறைமுகம் வரை வந்தோம். விமானத்தில் போயிருந்தால் அவனைச் சந்தித்திருக்க மாட்டேன். குறைந்த செலவில் போவதில் காசு மிச்சமாவது ஒரு பங்குதான். இந்த இசையைக் கேட்கிறவர்கள் எப்படிப் பயணம் செய்கிறார்களோ அப்படியே நாமும் செய்கிறோம் என்பதுதான் பெரிய பங்கு.

மரத்தில் செதுக்கிய பாட்டு

ஜாகர்த்தாவின் உள்ளூர் மின்ரயிலில் முதல் 25 கிலோமீட்டருக்கு 3,000 ரூபியா. நம் காசுக்கு 20 ரூபாய்கூட ஆகாது. அதில் நகரத்தின் தெற்கு விளிம்பில் உள்ள ஸ்ரெங்செங் சாவாவுக்குப் போகலாம். மார்ஜினல் என்ற பங்க் குழுவும், அவர்கள் உருவாக்கிய தாரிங் பாபி என்ற கூட்டு வீடும் பேர் வாங்கியது அங்கேதான். சுகார்த்தோவின் ராணுவ ஆட்சி முடியும் காலத்தில் கிளம்பியவர்கள். தெருவில் பாடிப் பிழைக்கும் சிறுவர்களுக்கு உக்குலேலே வாசிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். மரப்பலகையைச் செதுக்கி, மை தடவி, துணியில் அழுத்தி எடுக்கும் அச்சுக் கலையையும் சொல்லிக் கொடுத்தார்கள். பாட்டும் படமும் இரண்டுமே சோறு போட வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

அந்த மர அச்சுகளை முதலில் பார்த்தபோது தொழில்காரியாகத்தான் பார்த்தேன். ஒரே நிறம், கறுப்பு. ஸ்கிரீன் வேண்டாம், மெஷின் வேண்டாம், கரண்ட்கூட வேண்டாம். உளியும் பலகையும் இருந்தால் போதும். செதுக்கிய கையின் அவசரமும் அழுத்தமும் துணிமேல் அப்படியே விழுந்திருக்கும்.

மார்ஜினலின் பலருக்கும் தெரிந்த பாட்டுகளில் ஒன்று மார்சினாவைப் பற்றியது. கிழக்கு ஜாவாவில் கடிகார ஆலையில் வேலை பார்த்த பெண் மார்சினா. 1993 மே மாதம், நாள் கூலியை 1,700 ரூபியாவிலிருந்து 2,250 ஆக உயர்த்தக் கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார். சில நாளில் கொல்லப்பட்டார். ஆட்சி மறக்கப் பார்த்த பெயரைத் தெருப் பாடகர்கள் பஸ்ஸுக்கு பஸ் ஏறிப் பாடி உயிரோடு வைத்திருந்தார்கள். 2025 நவம்பரில் இந்தோனேசிய அரசு அவரைத் தேசிய வீராங்கனையாக அறிவித்தது. யாருடைய ஆட்சியில் அவர் கொல்லப்பட்டாரோ, அந்த சுகார்த்தோவுக்கும் அதே நாளில் அதே பட்டம். பனியன் கம்பெனி ஊரில் வாழ்கிற எனக்கு, 550 ரூபியா கூடுதல் கூலிக்காக உயிர் போன கதையை ஒரு பாட்டு சொல்லிக் கொடுத்தது. இந்த இசைக்கு நான் கடமைப்பட்டிருப்பதற்கு அது ஒன்றே போதும்.

பனியன்தான் மூலதனம்

ஜாகர்த்தாவிலிருந்து பாண்டுங்குக்கு 2023 அக்டோபர் முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் பசார் செனென் நிலையத்தில் ‘செராயு’ என்ற எகானமி ரயிலில் ஏறுவேன். மலை வளைவுகளில் நிதானமாக ஏறி, 100 மீட்டர் உயரமுள்ள சிசோமாங் பாலத்தைத் தாண்டி, கியாராசோண்டோங் நிலையத்தில் இறக்கிவிடும். அது பாண்டுங்கின் கிழக்குப் பக்கம். அங்கிருந்து சிற்றுந்தில் உஜுங் பெருங் பக்கம்.

ஜாசாட் 1990-இலும் பர்கர்கில் 1995-இலும் அங்கே தொடங்கிய குழுக்கள். தொடக்கத்தில் வெளிநாட்டு கேசட் ஒன்று ஒருவர் கையில் கிடைத்தால் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துப் பகுதி முழுக்கப் பரவும். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒத்திகை அறைகள் வந்தன. ஒரு செட் டிரம்ஸும் சில ஆம்ப்ளிஃபையர்களும் இருந்தால் பத்துக் குழுக்கள் அதில் வளரும். நகரத்தின் சபருவா விளையாட்டு அரங்கில் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகள் நடந்தன. 1993 ஏப்ரலில் ஜாகர்த்தாவுக்கு மெட்டாலிகா குழு வந்தபோது அரங்குக்கு வெளியே பெரிய கலவரம் நடந்து, ராக் கச்சேரிகளுக்கு அனுமதி கிடைப்பதே கடினமான காலம் அது.

1997-இல் ஒரு டாலருக்குச் சுமார் 2,400 ரூபியா இருந்தது. மறு வருட நடுவில் 16,000-ஐத் தாண்டிச் சரிந்தது. வெளிநாட்டுச் சட்டை, வெளிநாட்டு கேசட் எதுவும் எட்டாத விலை. அப்போதுதான் பாண்டுங்கில் ‘டிஸ்ட்ரோ’ கடைகள் பெருகின. உள்ளூர்க் குழுக்களின் கேசட்டும் பனியனும் கையெழுத்துப் பத்திரிகையும் ஒரே அலமாரியில். துணி அங்கேயே கிடைத்தது, தைக்கவும் அச்சடிக்கவும் ஆள் அங்கேயே இருந்தார்கள். ஆலை ஊரின் பலம் அது.

இந்தக் குழுக்களின் வரவு செலவைக் கேட்டுப் பார்த்தால், பாட்டால் வரும் பணம் சொற்பம். பனியன் விற்ற காசில்தான் பதிவு செய்கிறார்கள், அடுத்த ஊருக்கு வண்டி பேசுகிறார்கள். டெத் மெட்டல் குழுப் பெயர்களைப் பிடுங்கிப்போட்ட வேர்க்கற்றை மாதிரி எழுதுவார்கள். முடி கனத்தில் கோடுகள். கறுப்புத் துணியில் அதை அடிக்க நெருக்கமான மெஷ் வேண்டும், அடியில் வெள்ளை ஒரு கோட் பிசிறில்லாமல் உட்கார வேண்டும். ஒரு சந்து வீட்டின் முன்னறையில் இரண்டு பேர் கையால் ஸ்க்வீஜி இழுத்து அதைச் சுத்தமாக அடித்துக் கொண்டிருந்ததை நின்று பார்த்தேன். எங்கள் ஊர் ஏற்றுமதித் தரத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

2003-இல் பர்கர்கில் பெரிய பன்னாட்டு இசைக் கம்பெனியின் கீழ் ஒரு ஆல்பம் வெளியிட்டது. பிறகு விலகி வந்து, சொந்தமாகவே வெளியிடத் தொடங்கியது. ஜாசாட்டின் பாடகர் மான் போன்றவர்கள் கரிண்டிங் என்ற, சுண்டா மக்களின் பழைய வாத்தியத்தைக் கையில் எடுத்தார்கள். மூங்கிலில் செய்து வாயில் வைத்து விரலால் தட்டி வாசிப்பது. நம் மோர்சிங்கின் இனம். வழக்கொழியும் நிலையில் இருந்த அதை வைத்துக் ‘கரிண்டிங் அட்டாக்’ என்ற குழுவை உருவாக்கினார்கள். மெட்டல் சட்டை போட்ட பையன்களால்தான் மேற்கு ஜாவாவின் இளைஞர்கள் இன்று அதை மறுபடி வாசிக்கிறார்கள். மெட்டல் கேட்டால் சொந்தப் பண்பாடு போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதுவே என் பதில்.

பாண்டுங் மறக்காத துக்கமும் ஒன்று உண்டு. 2008 பிப்ரவரி 9. பிராகா தெருப் பக்கமிருந்த பழைய அரங்கில் பிசைட் என்ற குழுவின் ஆல்பம் வெளியீடு. கொள்ளும் அளவுக்கு மேல் கூட்டம். நெரிசலிலும் மூச்சுத் திணறலிலும் 11 இளைஞர்கள் இறந்தார்கள். அதன்பின் அரங்கு கிடைப்பது இன்னும் கடினமாயிற்று. கச்சேரி நடத்துகிறவர்கள் வாசலில் தலை எண்ணத் தொடங்கினார்கள். மூடிய கதவுக்கு வெளியே நிற்க நேர்ந்தால் நான் சண்டை போடுவதில்லை. அந்தப் 11 பேருக்கான மரியாதை அது.

காருட்டின் மூன்று பெண்கள்

பாண்டுங்கிலிருந்து தென்கிழக்கே காருட் மாவட்டம். அங்கே சிங்காஜாயா என்ற கிராமப் பகுதியில் மதரசாவில் படித்த மர்ஸ்யா, விடி, சித்தி என்ற மூன்று மாணவிகள் 2014-இல் ‘வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரோட்’ குழுவைத் தொடங்கினார்கள். கிட்டாரைக் கையில் கொடுத்தவர் அவர்களுடைய பள்ளி ஆசிரியர். தலையில் முக்காடு, கையில் மின்கிட்டார். மிரட்டல்கள் வந்தன. பெண்ணின் உடல் பொதுச் சொத்து இல்லை என்று பாட்டு எழுதிப் பதில் சொன்னார்கள். 2024 ஜூனில் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் மேடையேறிய முதல் இந்தோனேசியக் குழு அவர்கள்தான். தனியாகப் பயணம் போகிற பெண் என்பதால் எனக்கு அவர்கள்மேல் தனிப் பிரியம். அந்தப் பக்கத்துக் கச்சேரிகளில் மாலைத் தொழுகைக்கு பாங்கு சொன்னதும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுவார்கள். தொழப் போகிறவர்கள் போய்த் திரும்பியதும் உறுமல் தொடரும். தொழுகைக்கும் இசைக்கும் நடுவே சண்டை இருப்பதாக அங்கே உள்ள பலர் நினைப்பதில்லை.

மொட்டையடித்தும் அடங்காதவர்கள்

இந்த இசையை அடக்க வேண்டும் என்று அரசுகள் நினைத்ததுண்டு. 2011 டிசம்பரில் ஆச்சே மாகாணத் தலைநகரில் அனாதைக் குழந்தைகளுக்கு நிதி திரட்ட நடந்த பங்க் கச்சேரியில் போலீஸ் புகுந்தது. 60-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து, மொட்டையடித்து, குளத்தில் இறக்கிக் குளிக்க வைத்து, 10 நாள் ‘திருத்தப் பயிற்சி’ கொடுத்தது. மலேசியாவில் 2015 ஆகஸ்ட் 28 இரவு, நேர்மையான தேர்தல் கேட்டு நடந்த பெர்சே 4 பேரணிக்கு முந்தைய நாள், கோலாலம்பூர் அம்பாங் பகுதியில் இருந்த ரூமா அப்பி என்ற பங்க் கச்சேரி இடத்தில் சோதனை. சுமார் 160 பேர் கைது. வெளிநாட்டுக் குழுக்களைப் பார்க்க வந்தவர்களும் அதில் சிக்கினார்கள்.

மத்திய ஜாவாவின் புர்பாலிங்காவைச் சேர்ந்தது சுகதானி என்ற இருவர் குழு. முகமூடி போட்டுப் பாடுவார்கள், கச்சேரிக்கு வந்தவர்களுக்குக் காய்கறி கொடுப்பார்கள். எதற்கெடுத்தாலும் போலீஸுக்குக் காசு கட்ட வேண்டியிருக்கிறது என்று ஒரு பாட்டு. 2025 பிப்ரவரியில் அவர்கள் முகமூடியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டு, பாட்டைத் திரும்பப் பெறுவதாக வீடியோ வெளியிட நேர்ந்தது. பாடகி ஆசிரியை வேலையையும் இழந்தார். ஆனால் அடுத்த நாள்களில் மாணவர் போராட்டங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். ஒத்திகை அறையில் இரண்டு பேர் போட்ட பாட்டுக்கு ஒரு நாடே குரல் கொடுத்தது. சின்ன மேடைகள் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

போகிறவர்களுக்கு

பாண்டுங்கிலோ ஜாகர்த்தாவிலோ டிஸ்ட்ரோ கடை ஒன்றில் நுழைந்து அந்த வாரக் கச்சேரிகளைக் கேளுங்கள். சுவரிலேயே நோட்டீஸ் இருக்கும். சாப்பாட்டுக்கு வார்டெக் என்ற சோற்றுக் கடைகள். கண்ணாடிக்குப் பின்னால் கறி, கூட்டு வரிசையாக இருக்கும், விரலால் காட்டினால் போதும். காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். தொடர்ந்து கேட்டால் காது கெடும், கெட்டது திரும்பாது.

மேடைக்கு முன்னால் மோதிக்கொண்டு ஆடும் கூட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கீழே விழுந்தவரை உடனே தூக்கிவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். என்னைத் தூக்கிவிட்ட கைகள் உண்டு, நானும் தூக்கிவிட்டிருக்கிறேன். அனுமதி கேட்காமல் முகங்களைப் படமெடுத்துப் பொதுவில் போடாதீர்கள். சுகதானிக்கு நடந்த பிறகு அந்த எச்சரிக்கைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் தங்க இடம் கொடுத்தால் பாத்திரம் கழுவுங்கள், அரிசி வாங்கிக் கொடுங்கள். ஸ்கிரீன் பிரேம் ஒன்றில் மெஷ் தொய்ந்திருந்ததைப் பார்த்து நான் இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். உங்களுக்கு எது தெரியுமோ அதைச் செய்யலாம். சிக்கனப் பயணம் என்றால் எல்லாவற்றையும் இலவசமாக வாங்குவது என்று சிலர் நினைக்கிறார்கள். நம்மைவிடக் குறைவாகச் சம்பாதிப்பவரின் முதுகில் ஏறிப் போவதைச் சிக்கனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் போன கச்சேரிகளில் நுழைவு 30,000 முதல் 75,000 ரூபியா வரை இருந்தது. நம் பணத்தில் சுமார் 160 முதல் 400 ரூபாய். அரங்கு வாடகை, ஒலிபெருக்கி வாடகை, வெளியூர்க் குழுவின் வண்டிச் செலவு, அவர்களுக்கு ஒரு வேளைச் சோறு எல்லாம் அதற்குள்தான். உள்ளூர்க் குழுக்கள் பல தடவை எதுவும் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே பஸ்ஸில் மிச்சம் பிடியுங்கள், தங்குமிடத்தில் மிச்சம் பிடியுங்கள். கச்சேரி வாசலிலும் பனியன் மேசையிலும் மட்டும் பேரம் பேசாதீர்கள். அடுத்த கச்சேரி நடப்பதும் நடக்காததும் அந்தக் காசில்தான் இருக்கிறது.